சொல்லோசையும் உணவின் சுவையும்

வல்லெழுத்து மிக்க சொற்கள் கடுமையையும் மெல்லெழுத்து மிக்கவை மென்மையையும் இனிமையையும் தாமே புலப்படுத்தும் எனக் கொண்டு, உணவு பற்றிய செய்யுட்பகுதிகளுக்கு ஓசைநயம் காட்டுவது திறனாய்வாளர் சிலர்க்கு வழக்கமாகிவிட்டது. ‘மொறுமொறு’ என்னும் ஒரு சொல்லே இக்கொள்கையை மறுக்கப் போதும். அதன் முதலெழுத்து மகரம். ‘நொறுநொறு’, ‘நறநற’ என்பவற்றின் முதலெழுத்து நகரம். மெல்லெழுத்தால் தொடங்கியும் இவை பண்டம் பல்லிடை உடைதலையும், சோற்றிற் கலந்த மணல் பல்லிற் படுதலையும் உணர்த்துகின்றன. பொருளைத் தாங்குவது இடைநின்ற றகரமே என்பது எம் கருத்து. நாநுனி மேலண்ணத்தில் அதிரப் பிறக்கும் அவ்வொலி, சிறுசிறு உடைவுகள் அடுத்தடுத்து நிகழ்தலை வாயினுள்ளேயே நடித்துக் காட்டுகின்றது.

இனமொழிகளும் இதற்குத் துணை நிற்கின்றன. இதே பதத்தைத் தெலுங்கர் ‘கரகர’ என்றும், கன்னடர் ‘கரிகரி’ என்றும், மலையாளத்தார் ‘கறுமுறெ’ என்றும் கூறுவர். முதலெழுத்து மாறியும் இடையில் ரகர றகரங்கள் நிலைபெறுதல் காண்க. எனினும் இஃது உலகப் பொதுவிதி அன்று. ஜப்பானியரின் ‘சகுசகு’ என்பதில் அவ்வொலி இல்லை. இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்கள் இந்திய மொழிக்குடும்பங்கள் பலவற்றிற்கும் பொதுவாதலை எமனோ 1969-இல் விளக்கியுள்ளார்.

இனி, ஓசை தனித்து நின்று பொருளை வரையறுப்பதும் இல்லை. ‘மொறுமொறு’ என்பதனோடு ஓர் உயிரே வேறுபடும் ‘முறுமுறுத்தல்’, மனக்குறையால் வாய்க்குள் பேசுதலைக் குறிக்கும். விடாது எழும் சிற்றொலி என்பதே ஓசை தருவது. தோசையா, மனத்தாங்கலா என்பதை இடமே தெளிவிக்கும். சொற்பொருளின் காரணம் வெளிப்படத் தோன்றாது என்னும் கருத்துப்படத் தொல்காப்பியர் உரியியலில் உரைத்தது ஈண்டு நினையத்தக்கது. (முறுக்கு என்னும் பண்டப்பெயரையும் ஓசைவழிப் பிறந்ததாகக் கொள்வார் உளர். மாவை முறுக்கிச் சுற்றுதலால் வந்த பெயர் அது. பல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

‘கொழகொழ’, ‘வழவழ’, ‘பிசுபிசு’ முதலியனவும் நாவும் விரலும் அறியும் ஊற்றுணர்வையே சொல்வன. சுவையோ வேறு. இனிப்பில் நிற்கும் வல்லொற்றே கசப்பிலும் புளிப்பிலும் நிற்கின்றது. எழுத்தை நோக்கி இன்னது இனிக்கும், இன்னது கசக்கும் எனக் கூறுதல் இயலாது. ‘சுள்ளென்று’ உறைத்தல் விலக்காகத் தோன்றலாம். ஆனால் வெயிலும் சுள்ளென்றே அடிக்கின்றது. அங்கும் சொல்லப்படுவது எரிவே. யாம் தொகுத்தவற்றுள் சுவையோடு நேரே இயைந்தது ‘சப்பென்று’ என்பது ஒன்றே. அதுவும் சுவையின்மையைக் குறிப்பது.