ஹார்டியின் நியாயவுரையும் ஆய்வு மாணவனும்

கணிதத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்ற இளைஞன் ஒருவன், மேலும் கற்க விரும்பிச் சர்வகலாசாலையின் ஆய்வுப் பகுதியிற் புகும்போது அவனுடைய நிலை முற்றாக மாறிவிடுகின்றது. அதுவரை அவன் விடையுள்ள வினாக்களையே எதிர்கொண்டவன். வினாவை இயற்றியவர் விடையை அறிந்திருந்தார். மூன்று மணி நேரத்துள் அவ்விடையை எட்டலாம் என்பதும் முன்னரே துணியப்பட்டிருந்தது. இனி அவன் எதிர்கொள்ளும் வினாவுக்கு விடை உண்டோ இல்லையோ என்பதை அவனுடைய பேராசிரியரும் அறியார். முதல் வகுப்பிற் சித்தியெய்தியோர் சிலர் இவ்விடத்திலே திகைத்து நின்றுவிடுவதும், பரீட்சையில் நடுத்தரமாய் நின்றோர் சிலர் முன்னேறிச் செல்வதும் இதனாலேயாம்.

இம்மாற்றத்தைப் பற்றிக் கணித மேதைகள் தாமே எழுதியவை மிகச் சில. அவற்றுள் ஆங்கிலம் வாசிக்கும் மாணவன் கையில் முதலில் அகப்படுவது ஜீ. எச். ஹார்டி 1940 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கணிதவியலாளன் ஒருவனின் நியாயவுரை’ என்னும் சிறு நூல். அது அவனுக்கு நல்ல வழித்துணையாகுமா என்பது ஆராயத்தக்கது.

நூலின் பெயரில் உள்ள ஆங்கிலச் சொல், பிழை பொறுக்க வேண்டுதல் என்ற இக்காலப் பொருளில் வந்ததன்று. சோக்கிரதீஸ் ஏதென்ஸ் நீதிமன்றத்திற் கூறிய எதிருரைக்கு வழங்கும் பெயரே ஈண்டும் ஆளப்பட்டுள்ளது. கணிதத்துக்கென ஒருவன் தன் வாழ்நாளைச் செலவிட்டமை தகுமோ என்னும் வழக்கிலே ஹார்டி தாமே குற்றஞ் சாட்டப்பட்டவராயும் வழக்குரைப்பவராயும் நிற்கின்றார். நடை தெளிவானது, மிகைச்சொல் ஒன்றுமில்லை. முதன்மை எண்கள் முடிவிலாதன என்பதற்கு யூக்கிளிட்டு தந்த நிறுவலையும், இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பதற்கான பழைய நிறுவலையும் அவர் எடுத்துக்காட்டாக விளக்கும் பக்கங்கள், பாடசாலை மாணவனும் வாசித்து இன்புறத்தக்கன. தூயகணிதம் பயனற்றது என்று அவர் பெருமிதத்தோடு கூறுவது பற்றி எழுந்த விவாதம் பலரும் அறிந்தது; அது இங்கு வேண்டப்படுவதன்று.

ஆய்வு மாணவனுக்கு இடையூறாவது வேறொரு கூற்று. கணிதம் இளைஞருக்கே உரிய துறை என்றும், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் பெரியதொரு முன்னேற்றத்தைத் தொடக்கிவைத்ததாகத் தாம் அறிந்திலர் என்றும் ஹார்டி உறுதிபடக் கூறுகின்றார். சான்றாக நால்வரின் மரண வயதை அடுக்குகின்றார்: கல்வா 21, ஏபெல் 27, இராமானுஜன் 33, றீமான் 40. இவ்வெண்களைச் சரிபார்க்கும் ஒருவர் வியப்படைவர். கல்வா இறந்தபோது நிரம்பியிருந்த வயது 20, ஏபெலுக்கு 26, 1887 டிசம்பரிற் பிறந்து 1920 ஏப்பிரலில் மறைந்த இராமானுஜனுக்கு 32, றீமானுக்கு 39. நடந்துகொண்டிருந்த ஆண்டையே நால்வருக்கும் ஹார்டி கணக்கிட்டிருக்கின்றார். எண்ணும் முறையில் அவர் ஒழுங்கு தவறவில்லை. ஆனால், அகால மரணம் அடைந்தோரின் பட்டியல் கணிதவியலாளர் இளமையில் இறந்தனர் என்பதைக் காட்டுமேயன்றி, முதுமையில் அவர்களாற் செய்ய முடியாது என்பதை எங்ஙனம் காட்டும்? முடிவிலித் தொடர் ஒன்றின் ஒருங்கலைப் பற்றி இத்தகைய நிறுவலை மாணவன் ஒருவன் எழுதியிருப்பின், ஹார்டி அதனைச் சிவப்பு மையால் அடித்திருப்பார்.

அவருடைய சொந்த வாக்குமூலமும் இக்கூற்றோடு பொருந்தவில்லை. தமது உண்மையான ஆய்வு வாழ்வு லிற்றில்வூட்டையும் இராமானுஜனையும் கண்டபின்னரே தொடங்கிற்று என்றும், ஒக்ஸ்போட்டிற் பேராசிரியராயிருந்த காலத்தில், நாற்பதைச் சிறிது கடந்த வயதிலேயே, தாம் மிகச் சிறந்து விளங்கினர் என்றும் அதே நூலின் இறுதியில் எழுதுகின்றார். லிற்றில்வூட்டோடு அவர் கூடி உழைக்கத் தொடங்கியது 1911 இல். அப்பொழுது அவருக்கு வயது 34.

இம்முரண்பாட்டின் காரணத்தை நூலுக்கு வெளியே தேடவேண்டும். 1939 இல் ஹார்டி இருதய நோய்க்கு ஆளானார். அறுபதைக் கடந்து, ஆக்கவன்மை குன்றி, பந்தாட்டமும் இயலாதவராகி இருந்த காலத்தில் எழுந்தது இந்நூல். அது ஒரு துயர உரை. துயர உரை என்ற அளவில் உயர்ந்தது. ஒருவருடைய துயரத்தைத் துறையின் விதியாகக் கொள்வது வாசகனின் பிழை. அப்பிழைக்கு இடந்தருமாறு எழுதியது ஆசிரியரின் பிழை.

பயிற்சியின் அருமையை ஹார்டி அறியாதவரல்லர். கேம்பிறிட்ஜின் ட்றைப்போஸ் பரீட்சையில் 1898 ஆம் ஆண்டு நான்காம் இடத்தைப் பெற்றவர் அவர். அக்காலத்தில் அப்பரீட்சைக்கெனத் தனிப் பயிற்சியாளர் இருந்தனர். பந்தயக் குதிரையைப் பழக்குவது போல மாணவரைப் பழக்கினர். அப்பயிற்சியை வெறுத்த ஹார்டியிடம், யோர்டான் என்னும் பிரெஞ்சு அறிஞரின் பகுப்பியல் நூலை வாசிக்குமாறு பேராசிரியர் லவ் கூறினார். கணிதம் என்பது யாது என்பதை அந்நூலிலேதான் முதன்முதல் அறிந்ததாக ஹார்டி நன்றியோடு நினைவுகூர்கின்றார். சித்தியெய்தியோரைத் தரவரிசைப்படி அறிவிக்கும் வழக்கம் 1909 ஆம் ஆண்டோடு ஒழிந்ததில் அவருக்குப் பங்குண்டு. 1926 இல் கணிதச் சங்கத்தின் தலைவராக ஆற்றிய உரையிலோ, அப்பரீட்சையைத் திருத்துவதன்றி ஒழித்துவிடுவதே தக்கது என்னும் அளவுக்குச் சென்றார். ஒரு நூலும் ஓர் ஆசிரியரின் ஒரு சொல்லும் தம்மை ஆக்கிய வரலாற்றைச் சில வரிகளிற் கூறிவிட்டு, நியாயவுரையின் பெரும்பகுதியை இயற்கைக் கொடைக்கும் இளமைக்கும் ஒதுக்கியதே குறை.

இக்குறையை நிறைவு செய்வது ஜே. ஈ. லிற்றில்வூட் 1953 இல் வெளியிட்ட ‘கணிதவியலாளன் ஒருவனின் பல்பொருட் கோவை’. வேடிக்கைக் கணக்குகளும் சிறு கட்டுரைகளும் கலந்த அந்நூல், இலக்கியத் தரத்தில் ஹார்டியின் நூலுக்கு நிகராகாது. ஆயினும் அதில் வரும் தம் கணிதக் கல்வி பற்றிய அத்தியாயம், ஆய்வுக்குட் புகும் மாணவனுக்கு வேறெந்நூலும் தராத ஒன்றைத் தருகின்றது. 1905 இல் ட்றைப்போசில் முதலிடத்தைப் பகிர்ந்து பெற்றவர் லிற்றில்வூட். அவ்விடத்தைப் பெறும் பொருட்டுத் தமது நேரத்தின் பெரும்பகுதி கடின வினாக்களை விரைந்து செய்து பழகுவதிலேயே கழிந்தது என்கின்றார். 1906 ஆம் ஆண்டு நெடுவிடுமுறையில் ஆய்வு தொடங்கியது. வழிகாட்டி ஈ. டபிள்யூ. பார்ன்ஸ், பின்னாளிற் பேர்மிங்ஹாமின் பிஷப் ஆனவர். சிக்கலெண் தளம் முழுவதிலும் ஒழுங்காய் அமையும் முழுமைச் சார்புகளுள், பூச்சிய வரிசையன பற்றிய பிரச்சினையொன்றை அவர் கொடுத்தார். வியக்கத்தக்க விரைவில் லிற்றில்வூட் அதிற் பயன் கண்டார்.

அவ்வெற்றியாற் பார்ன்ஸ் ஊக்கம் பெற்றார். அடுத்த பிரச்சினையாக அவர் கொடுத்தது யாது? றீமான் 1859 இல் வெளியிட்ட கருதுகோளை நிறுவுக என்பது! இன்றுவரை எவராலும் நிறுவப்படாதது அது. இன்னும் வியப்பானது, ஸீற்றாச் சார்புக்கும் முதன்மை எண்களுக்கும் தொடர்புண்டு என்பதையே அப்பொழுது தாம் அறிந்திலர் என்று லிற்றில்வூட் ஒப்புக்கொள்வது. அத்தொடர்பைக் கொண்டு முதன்மை எண் தேற்றத்தை அடமாரும் தெ லா வலே பூசானும் 1896 இலேயே நிறுவியிருந்தனர். பத்தாண்டு கழிந்தபின்னும் கேம்பிறிட்ஜின் முதன் மாணவனுக்கு அச்செய்தி எட்டவில்லை. பரீட்சை முறை ஒரு சர்வகலாசாலையை எவ்வளவு தூரம் உலகினின்றும் பிரித்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. எனினும் அம்முயற்சி வீண்போகவில்லை. முதன்மை எண்களின் எண்ணிக்கைக்கும் அதனை மதிப்பிடும் தொகையீட்டுக்கும் உள்ள வித்தியாசம் எண்ணிறந்த முறை குறிமாறும் என்று 1914 இல் அவர் நிறுவியது, அந்தப் ‘பொருந்தாத’ பிரச்சினை திறந்த பாதையிலேதான். தோல்வியிற் பயன் காணும் இவ்வித்தையை லிற்றில்வூட்டின் அத்தியாயம் கற்பிக்கின்றது. நியாயவுரையில் அது இல்லை.

இராமானுஜனைப் பற்றிய ஹார்டியின் எழுத்துக்களை ஒப்பிடின் வேறோர் உண்மையும் புலப்படும். இராமானுஜன் கும்பகோணத்திற் கற்ற நூல் ஜீ. எஸ். கார் தொகுத்தது; நிறுவல் ஏறக்குறைய இன்றி ஆறாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகளை வரிசையாகத் தருவது. அதன் ஆசிரியர் ட்றைப்போஸ் மாணவரைப் பயிற்றியவர். ஆகவே ஹார்டி வெறுத்த அதே பரீட்சை முறையின் சுவடே காவேரிக் கரையிலும் விழுந்தது. எப்.ஏ. பரீட்சையிற் சித்தியெய்தாத அவ்விளைஞருக்கு 1913 இல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபா ஆய்வு உதவிச் சம்பளம் வழங்கியது. 1914 இல் கேம்பிறிட்ஜை அடைந்தார். 1916 இல் ஆய்வுக் கட்டுரையின் பேரில் அங்கு பீ.ஏ. பட்டம் பெற்றார். கலாநிதிப் பட்டம் அப்பொழுது கேம்பிறிட்ஜில் ஏற்பட்டிருக்கவில்லை. அவருக்குக் கற்பிப்பது ஹார்டிக்குப் பெருஞ் சங்கடமாயிற்று: நிறுவல் என்பதன் இயல்பை அறிவுறுத்தாமலும் விடமுடியாது, வற்புறுத்தின் அவருடைய ஆற்றல் கெட்டுவிடுமோ என்ற அச்சம். இருவர் உழைப்பும் கூடிய இடத்தில் 1918 இல் வெளிவந்த பிரிவினைக் கட்டுரை பிறந்தது. 200 என்னும் எண்ணை 3972999029388 வகையாகப் பிரிக்கலாம் என்று மக்மாஹன் நேராகக் கணித்த விடையை அவர்களுடைய சூத்திரம் எட்டிய நுண்மை இன்றும் வியக்கப்படுவது.

ஹார்டி 1936 இல் ஹாவர்ட்டில் ஆற்றிய உரையை முதலாகக் கொண்ட இராமானுஜன் பற்றிய நூலும் 1940 இலேயே வெளிவந்தது. இராமானுஜனின் இளமைச் சாவு உண்மையான அவலமன்று. பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் தக்க வழிகாட்டலின்றி அவருடைய ஆற்றல் திசைமாறியதே அவலம் என்று அங்கு கூறுகின்றார். ஓர் ஆசிரியரின் இரு நூல்கள், ஆண்டும் ஒன்று. ஒன்றில் இராமானுஜன் வயதுப் பட்டியலில் ஓர் எண். மற்றொன்றில், கற்பிப்போர் இன்மையால் நேர்ந்த இழப்புக்குச் சான்று. மாணவன் கையிற் கொடுக்கத்தக்கது பின்னையதே. அதனையும் ஓர் எச்சரிக்கையோடு கொடுத்தல் வேண்டும்: இருபத்தைந்து வயதில் கதவு மூடப்படுகின்றது என்னும் எண்ணம் அங்கும் மறைந்து நிற்கின்றது.

அக்கதவு மூடப்படாமைக்குப் பாடசாலை ஆசிரியர் ஒருவரே தலைசிறந்த சாட்சி. கார்ல் வையர்ஸ்ராஸ் பொன் நகரச் சர்வகலாசாலையிற் பட்டம் பெறாது வெளியேறியவர். பின்னர் ஆசிரியத் தகுதி பெற்றுப் பிரஷ்யாவின் சிற்றூர்ப் பாடசாலைகளிற் கணிதத்தோடு தாவரவியல், தேகப்பயிற்சி முதலியனவும் கற்பித்தவர். ஏபெலின் தொகையீடுகள் பற்றி அவர் எழுதிய கட்டுரையொன்று பிறவுன்ஸ்பேர்க் பாடசாலையின் ஆண்டு வெளியீட்டிலே அச்சாயிற்று, எவரும் கவனித்திலர். (பாடசாலை வெளியீடுகளின் விதி எந்நாட்டிலும் அதுவே போலும்.) 1854 இல் கிரெல்லின் ஆய்வேட்டில் அவருடைய கட்டுரை வந்தபோது வயது 38. அவ்வாண்டே கோனிஸ்பேர்க் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் அளித்தது. 1856 இல் பேர்லினில் ஆசிரியப் பதவி கிடைத்தது. பெண்ணென்ற காரணத்தால் அங்கு அனுமதி பெறாத சோபியா கொவலெவ்ஸ்கயாவுக்கு நான்காண்டுகள் தனியே கற்பித்து, 1874 இல் கொற்றிங்கனிற் கலாநிதிப் பட்டம் பெறச் செய்தவரும் அவரே. ஹார்டியின் காலத்துக்குப் பின்னரோ, யிதாங் ஜாங், முதன்மை எண்களின் இடைவெளி பற்றி எழுபது மில்லியன் என்னும் எல்லையை நிறுவி 2013 இல் உலகை வியக்கவைத்தபோது ஐம்பத்தைந்தைக் கடந்திருந்தார். ஹார்டியும் லிற்றில்வூட்டும் உழுத நிலம் அது.

இலங்கை மாணவருக்கு இவ்வாராய்ச்சி வெறும் நூற்குறிப்பன்று. 1921 இல் கொழும்பில் ஏற்பட்ட சர்வகலாசாலைக் கல்லூரியில் இருந்து கற்றோரும் இலண்டன் பரீட்சைகளுக்கே தோற்றினர். 1942 இல் இலங்கைச் சர்வகலாசாலை தோன்றிய பின்னரும் வெளிவாரிப் பட்டத்துக்குத் தம் வீட்டு விளக்கொளியிற் படித்தோர் பலர். வெளிவாரிப் படிப்பிற் பரீட்சை உண்டு; ஒரு நூலைக் காட்டிவிட்டுச் செல்லும் பேராசிரியர் லவ் இல்லை; தவறான பிரச்சினையையேனும் தரும் பார்ன்ஸ் இல்லை. முப்பது வயதில், உத்தியோகத்தின் நடுவே பட்டம் பெற்று, மேலும் கற்கலாமோ என்று எண்ணும் ஒருவர் நியாயவுரையைத் திறந்து அந்த நால்வரின் வயதைக் கண்டு நூலோடு தம் எண்ணத்தையும் மூடிவைப்பாராயின், இழப்பு அவருக்கு மட்டுமன்று.

ஹார்டியின் செயல் அவருடைய நூலினும் சிறந்தது. ஒக்ஸ்போட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் நடத்திய வகுப்புக்கு 1923 இல் வந்தவர்களுள் மேரி காட்றைற் என்னும் மாணவி ஒருவர். இடைப் பரீட்சையில் இரண்டாம் வகுப்பும் இறுதிப் பரீட்சையில் முதல் வகுப்பும் பெற்றவர். பட்டம் பெற்றபின் ஏறக்குறைய நான்காண்டுகள் பாடசாலைகளிற் கற்பித்தார். 1928 இல் ஆய்வு மாணவியாக ஹார்டியிடம் மீண்டபோது வயது 27. இராமானுஜனின் ஆண்டுகளை அளந்த ஹார்டி, இவருடைய ஆண்டுகளை அளந்து கதவடைக்கவில்லை. அவருடைய ஆய்வேடு முழுமைச் சார்புகளின் பூச்சியங்களைப் பற்றியது. லிற்றில்வூட்டுக்குப் பார்ன்ஸ் முதன்முதற் கொடுத்த பிரச்சினையும் அத்துறையினதே. 1930 இல் அவ்வாய்வேட்டைப் பரீட்சிக்க வெளியிலிருந்து வந்தவர் லிற்றில்வூட். பின்னர் அவ்விருவரும் கூடி, வானொலிக் கருவிகளில் எழும் வகையீட்டுச் சமன்பாடுகளை ஆராய்ந்து 1945 இல் கட்டுரை வெளியிட்டனர். லிற்றில்வூட்டுக்கு அப்பொழுது வயது அறுபது.