ஃபிரியரின் கடிதங்களும் நம்மவர் மறுப்புகளும்

கிழக்கு ஆப்பிரிக்க அடிமை வாணிபத்தை ஒடுக்கியோர் வரிசையில் சர் பார்ட்டில் ஃபிரியருக்கு ஆங்கில நூல்கள் உயர்ந்த இடம் தருகின்றன. 1862 முதல் 1867 வரை பம்பாய் ஆளுநராக இருந்த அவர், 1873 தொடக்கத்தில் ஸன்ஸிபார் சென்று ஸுல்தான் பர்கஷிடம் உடன்படிக்கை கோரினார், ஸுல்தான் இணங்கவில்லை. கடல் முற்றுகை அச்சுறுத்தலைக் காட்டி, 1873 ஜூன் 5இல் கையொப்பம் பெற்றவர் தூதர் ஜான் கிர்க். மறு ஆண்டு ஃபிரியர் வெளியிட்ட நூல், கான்டர்பரி பேராயருக்கு அவர் எழுதிய கடிதங்களின் தொகுப்பு. கிழக்கு ஆப்பிரிக்கா மிஷன் பணிக்குரிய களம் என அதன் தலைப்பே அறிவிக்கிறது.

நம்மவர் இந்நோக்கத்தைச் சுட்டி நூலை ஒதுக்கிவிடுவர். 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பியதும் அதே பேரரசுதானே என்பர். உண்மையே. ஆயினும் சந்தையில் நிறுத்தப்பட்ட மனிதருக்கு அது விடையாகாது. அவரை விற்றவரும், கிராம்புத் தோட்டத்துக்கென வாங்கியவரும் பெரும்பாலும் கலிமா சொன்னவர்கள். (முதலீடு செய்த கச்சு வணிகருள் இந்துக்களும் இருந்தனர், அதனால் நம் பொறுப்பு குறைந்துவிடாது.)

ஃபிரியரின் முயற்சியில் நாம் காணும் குறை வேறு. உடன்படிக்கை கடல்வழி வாணிபத்தைத் தடுத்தது, சந்தைகளை மூடியது. தோட்டத்து அடிமையைத் தொடவில்லை. 1890இல் ஸன்ஸிபார் பிரிட்டிஷ் பாதுகாப்பின்கீழ் வந்த பின்னும், 1897இல்தான் அடிமைநிலை சட்ட ஏற்பை இழந்தது.

சந்தை மூடியதோடு செய்தி முடிந்தது என்னும் எண்ணம் நம் பாடத்திட்டத்திலும் குடிகொண்டுள்ளது. இமாம் நவவீயின் மின்ஹாஜ், அடிமை விடுதலைப் பாடங்களோடுதான் நிறைவுறுகிறது. அடிமை தவணை செலுத்தி விடுதலை பெறும் முகாதபா ஒப்பந்தமும் அங்கே பேசப்படுகிறது. வழக்கொழிந்ததென்று மதரஸாக்கள் பலவற்றில் அதனைத் தாண்டிச் செல்கிறோம். ஸகாத்தின் எட்டுப் பங்குகளில் (9:60) ஐந்தாவதான, அடிமைத் தளை நீக்கும் 'ரிகாப்', இக்காலத்தில் இல்லை என்றும் எழுதிவிடுகிறோம்.

நாம் வாழும் விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலில், பெற்றோர் வாங்கிய முன்பணத்தைப் பிள்ளைகள் உழைத்துக் கழித்த காலம் தொலைவில் இல்லை. கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்த பின்னரும் அது நடந்தது. சிவகாசி தொடர்பான எம்.சி. மேத்தா வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென 1996 டிசம்பர் 10இல் உச்ச நீதிமன்றம் பணித்தது.

முன்பணத்தால் கட்டுண்டவர் ஸகாத்தில் எப்பங்கினர்? ஷாஃபிஈ மத்ஹபில் ரிகாப் என்பது முகாதபா செய்துகொண்ட அடிமையரையே குறிக்கும். ஆகவே கடனாளியருக்குரிய ஆறாவது பங்கு, 'காரிமூன்', இவருக்குப் பொருந்தும் என்பது நம் கருத்து. முஃப்திகள் வேறு கூறின், கேட்கச் சித்தமாயுள்ளோம்.