‘படைப்பின் தூண்கள்’: வண்ணமும் வாய்மையும்

ஆடி மாதத்து நிலவில்லா இரவிலே, காங்கேசன்துறைக் கடற்கரையில் நின்று சிறு தொலைநோக்கியாற் கழுகு நெபுலாவை நோக்குவார்க்குத் தோன்றுவது வெளிறிய புகைத்திரளொன்றே. மங்கிய ஒளியில் மனிதக் கண் நிறமறியாது. அதனையே ஹபிள் தொலைநோக்கியின் 1995ஆம் ஆண்டுப் படமான ‘படைப்பின் தூண்கள்’ பச்சையும் நீலமும் பொன்னுமாகக் காட்டுகின்றது. இது பொய்யன்றோ எனச் சிலர் கடாவுவர்.

ஆராயின் அக்குற்றம் பொருந்தாது. அங்கு ஐதரசனும் கந்தகமும் உமிழ்வன செவ்வொளியே. இயற்கை நிறத்தில் விடின் அவை பிரித்தறியப்படா. ஆதலின் மூன்று ஒளிவடிகட்டிகளினூடாகத் தனித்தனியே பதிந்து, கந்தகத்துக்குச் சிவப்பும் ஐதரசனுக்குப் பச்சையும் ஒட்சிசனுக்கு நீலமும் வகுத்து இணைத்தனர். ஏட்டிலே கீறிய எழுத்துக்கு மை தடவுவது போல்வது இது. மை எழுத்தன்று, எனினும் மையின்றேல் எழுத்துத் துலங்காது.

படத்தின் ஒரு மூலை படிக்கட்டு வடிவிற் கறுத்துக் கிடக்கின்றது. நான்கு கமராக்களுள் ஒன்று சிறு பரப்பையே நுணுக்கமாகப் பதிந்தமையால் நேர்ந்த வெற்றிடம் அது. அதனைக் கற்பனையால் நிரப்பாது விட்டமையே இப்படத்தின் வாய்மைக்குச் சான்று.

இன்று கணினியுடையார் பலரும் நெபுலாப் படங்களைத் துலக்குகின்றனர். அளவிறந்து கூர்மையாக்கின், வானில் இல்லாத இழைகளும் தோன்றும். அது துலக்கலன்று, இடைச்செருகல். எந்நிறம் எம்மூலகத்தைக் குறிக்குமெனக் கூறாது படத்தை மட்டும் அச்சிடுவதும் குறையே. உள்ளதைத் துலக்கலாம்; இல்லதைச் சேர்த்தலாகாது; செய்ததை மறைத்தலுமாகாது.