போர்ட்டருக்கும் ஸ்டவுட்டுக்கும் என்ன வித்தியாசம்?

பீர் வகைகளைப் புரிந்துகொள்ளக் கிளம்பும் எவரும் கடைசியில் போய் நிற்பது பி.ஜே.சி.பி. வழிகாட்டியில்தான். வீட்டில் பீர் காய்ச்சுபவர்களின் போட்டிகளுக்கு நடுவர்களைத் தயார் செய்யும், அமெரிக்காவில் 1985-ல் தொடங்கிய அமைப்பு அது. 2021 பதிப்பைத்தான் நான் படித்தேன். ஒவ்வொரு வகைக்கும் நிறம், கசப்பு, ஆல்கஹால் எல்லாம் எண்ணோடு கொடுத்திருக்கிறார்கள். ஸ்பெக் படித்தே பிழைக்கும் என் மாதிரி ஆளுக்கு முதல் பார்வையில் பிடித்துவிடும். ஆனால் பீர் ஏன் அப்படி இருக்கிறது என்பது அதில் தெரியுமா? போர்ட்டர், ஸ்டவுட் இரண்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

18ஆம் நூற்றாண்டு லண்டனில் ஸ்டவுட் என்றால் கறுப்பு என்று அர்த்தமே கிடையாது. காட்டமான பீர், அவ்வளவுதான். நம்மூர் பாட்டிலில் 'ஸ்ட்ராங்' என்று போடுகிறார்களே, அந்த மாதிரி. வெளிர் நிற ஸ்டவுட்கூட இருந்திருக்கிறது. காட்டமான போர்ட்டரை ஸ்டவுட் போர்ட்டர் என்றார்கள். போகப்போக போர்ட்டர் உதிர்ந்துபோய் ஸ்டவுட் மட்டும் நின்றுவிட்டது.

இப்போ வழிகாட்டியைப் பாருங்கள். இங்கிலிஷ் போர்ட்டர் 4.0 முதல் 5.4 சதவீதம். ஐரிஷ் ஸ்டவுட் 3.8 முதல் 5.0. காட்டம் என்று பெயர் வாங்கியது காட்டம் குறைந்து நிற்கிறது! முதல் உலகப் போரில் தானியத்தை மிச்சம் பிடிக்க பிரிட்டிஷ் அரசு பீரின் காட்டத்தைக் குறைக்க வைத்தது. போர் முடிந்தும் பழைய அளவு திரும்பவில்லை. இந்தக் கதையை அந்த எண்களிலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

"ஸ்டவுட்டில் வறுத்த பார்லி இருக்கும், போர்ட்டரில் இருக்காது" என்று ஒரு பதில் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. பிரிட்டனில் மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டிய தானியத்துக்கு, வரி இருந்தது. அதனால் முளைகட்டாத பார்லியை பீரில் போடவே 1880 வரை சட்டம் அனுமதிக்கவில்லை. அப்படின்னா அதுக்கு முன்னாடி குடித்ததெல்லாம் ஸ்டவுட் இல்லையா?

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஹைட்ரோமீட்டர் கதை. ஆரம்பகால போர்ட்டர் முழுக்க பழுப்பு மால்ட்டில் செய்தது. திரவத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று ஹைட்ரோமீட்டரில் அளக்க ஆரம்பித்ததும் பீர் ஆலைக்காரர்களுக்கு ஒரு உண்மை தெரிந்தது: விலை கூட என்றாலும் வெளிர் மால்ட்டில் சர்க்கரை அதிகம், கணக்குப் பார்த்தால் அதுதான் லாபம். எல்லோரும் அதற்கு மாறினார்கள். நிறம் போய்விட்டது. வேறு பொருளைப் போட்டு நிறமேற்றுவதற்கு 1816-ல் தடை வந்தது. அடுத்த வருஷமே, 1817-ல், டேனியல் வீலர் உருளையில் மால்ட்டை வறுத்துக் கறுப்பாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கொஞ்சம் போட்டாலே போதும், நிறம் வந்துவிடும். ஃபங்ஷன் பெயரைத் தொடாமல் உள்ளே இருக்கும் கோட் முழுவதையும் மாற்றி எழுதுவோமே, அதேதான். பெயர் போர்ட்டர், உள்ளே வேறு பீர்.

சுவையும் இப்படித்தான். பழைய போர்ட்டரைப் பிரம்மாண்டமான மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் ஊற வைத்தார்கள். (1814-ல் லண்டனில் அப்படி ஒரு தொட்டி உடைந்து எட்டுப் பேர் செத்துப்போனார்கள்.) ஊறும்போது அதில் வேலை செய்த ஈஸ்ட்டை 1904-ல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் பிரித்தெடுத்து பிரெட்டனோமைசிஸ் என்று பெயர் வைத்தார். 'பிரிட்டிஷ் பூஞ்சை' என்று பொருள். இங்கிலிஷ் பீரின் குணமே அதிலிருந்து வந்தது என்பது அவர் கருத்து. இன்றைய இங்கிலிஷ் போர்ட்டர் வரையறையில் அதற்கு இடமில்லை. நியாயமாகச் சொன்னால், தான் விவரிப்பது நவீன வடிவத்தை மட்டும்தான் என்று வழிகாட்டியே சொல்லிவிடுகிறது. அந்த வரியை யார் படிக்கிறார்கள்?

இன்னொரு வேடிக்கை. லண்டனில் காய்ச்சி ரஷ்யாவுக்கு அனுப்பிய இம்பீரியல் ஸ்டவுட், 'அமெரிக்கன் போர்ட்டர், ஸ்டவுட்' என்ற தலைப்பின் கீழ் 20சி ஆக உட்கார்ந்திருக்கிறது. வரலாறாகப் பார்த்தால் அபத்தம். போட்டி மேஜையில் ருசி ஒத்துப்போகும் பீர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் ஏற்பாடாகப் பார்த்தால் சரி. பட்டியல் நடுவரின் நாக்குக்காகப் போட்டது. அதை பீரின் வம்சாவளியாக நாம் படிப்பதில்தான் கோளாறு.

பீரை வகை வகையாகப் பார்க்கும் பழக்கத்தைப் பரப்பிய மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, இங்கிலாந்துப் பத்திரிகையாளர்) 1977-ல் எழுதிய 'தி வேர்ல்ட் கைடு டு பீர்' எனக்கு இதைவிட மேல். அதில் ஊர் இருக்கும், காய்ச்சுபவர் இருப்பார். அட்டவணையில் முதலில் காணாமல் போனது அதுதான்.

ரான் பாட்டின்சன் என்பவர் லண்டன் ஆலைகளின் பழைய காய்ச்சல் பதிவேடுகளைத் தோண்டி எடுத்து எழுதி வருகிறார். விட்பிரெட் பதிவேடுகளில் போர்ட்டரும் ஸ்டவுட்டும் பல நாள் ஒரே மால்ட் கலவையிலிருந்தே வந்திருக்கின்றன. முதலில் வடியும் அடர்த்தியான சாற்றை அதிகம் சேர்த்தால் ஸ்டவுட், பின்னால் வடியும் நீர்த்த சாற்றை அதிகம் சேர்த்தால் போர்ட்டர்.