ஜாம்போர்டு: வகுப்பறைக் கூட்டுக் கருவி மதிப்பீட்டில் ஒரு விடுபாடு

வகுப்பறைக்குரிய எண்மக் கருவிகளை ஆராயும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. வசதிகள் பட்டியலிடப்படும், மாணவர் கருத்து வினாநிரல்வழிப் பெறப்படும், கருவி பயனுடையது என்ற முடிவு எட்டப்படும். கருவி நிறுத்தப்பட்டால் மாணவர் பணி எந்நிலையில் எஞ்சும் என்ற வினா அரிதாகவே எழுகிறது. கூகுள் நிறுவனத்தின் ஜாம்போர்டு அவ்வினாவைத் தவிர்க்க இயலாததாக்கியுள்ளது.

55 அங்குலத் தொடுதிரைப் பலகையாகவும் அதனோடு இயங்கும் செயலியாகவும் 2017இல் இது விற்பனைக்கு வந்தது. வகுப்பறைக்குப் பெரிதும் பயன்பட்டது செயலியே. இணைப்பைப் பகிர்ந்தால் பலர் ஒரே வேளையில் ஒட்டுக்குறிப்பு இடலாம், வரையலாம், படம் சேர்க்கலாம். ஒரு கோப்பில் 20 பக்கங்களே அடங்கும். கருவி செய்தது சிறிதே. அதுவே அதன் வலிமை. பாடத்தைக் கற்பிக்குமுன் கருவியைக் கற்பிக்க வேண்டிய சுமை ஏறத்தாழ இல்லை. குறிப்பில் எழுதியவர் பெயர் தோன்றாமையால் தயங்கும் மாணவரும் எழுதலாம். அதே காரணத்தால் ஒருவர் குறிப்பை மற்றவர் அழித்தாலும் பலகையைப் பார்த்து அறிய இயலாது.

கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆன்ஸ்டி, வாட்சன் ஆகியோர் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டு அளவுகோல் எட்டுப் பிரிவுகளைக் கொண்டது. தரவுரிமை, சேமிப்பு, ஏற்றுமதி ஆகியவற்றையும் உள்ளடக்கியமையால் ஏனைய பட்டியல்களினும் இது விரிவானது எனலாம். ஆயினும், ஏற்றுமதியைப் பொறுத்தவரை அது நோக்குவது கோப்பு வடிவங்களின் பன்மையை. ஜாம்போர்டு பிடிஎஃப் ஆகவும் படமாகவும் கோப்பைத் தந்தது. எண்ணிக்கையில் இரண்டு, இரண்டுமே திருத்தவியலாத உருக்கள்.

இதன் பொருள் இலக்கிய வகுப்பில் தெளிவாகும். அகப்பாடல்களைத் திணைவாரியாகப் பகுக்கும் பயிற்சியில், ஒரு பாடலை முல்லையின்கீழ் வைத்த குழு விவாதித்தபின் அதை நெய்தலுக்கு நகர்த்துவதாகக் கொள்வோம். இருத்தலுக்கும் இரங்கலுக்கும் இடையிலான வேறுபாட்டை மாணவர் உணர்ந்தது அந்நகர்வில்தான். பிடிஎஃப் காட்டுவது நெய்தலை மட்டுமே.

2023 செப்டம்பரில் நிறுத்த அறிவிப்பு வெளியானது. 2024 அக்டோபர் முதல் கோப்புகளைப் பார்வையிட மட்டுமே முடிந்தது. டிசம்பர் 31இல் சேவை முடிந்தது. எஞ்சிய கோப்புகள் பிடிஎஃப் ஆக மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. ஓராண்டுக்கும் மேற்பட்ட அவகாசமும், ஃபிக்ஜாம், லூசிட்ஸ்பார்க், மிரோ ஆகிய கருவிகளுக்குப் பெயரும் வழியும் தரப்பட்டமையால் நிறுவனத்தின்மீது மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று. ஆனால் பலகையைத் தொடங்கிய கணக்கு பெரும்பாலும் ஆசிரியருடையதே. குறிப்பெழுதிய மாணவர் அப்பலகையின் உரிமையாளர் அல்லர்.

ஆகவே, கூட்டுக் கருவியொன்றைப் பரிந்துரைக்கும் ஆய்வு, வினாநிரலுக்கு முன்பாக ஒரு சோதனைப் பலகையை உருவாக்கி, அதை ஒரு மாணவர் கணக்கிலிருந்தே வெளியே எடுத்து, வேறொரு கருவியில் திறந்து பார்த்தல் வேண்டும். குறிப்புகள் நகர்கின்றனவா, எழுதியவர் அடையாளமும் திருத்தங்களின் வரிசையும் உடன் வருகின்றனவா என்பவற்றை ஆய்வின் தரவாகவே பதிவு செய்யலாம். இதற்கு ஒரு பாடவேளைக்கு மேல் ஆகாது.