ஆற்றில் போட்டது குளத்தில் கிடைத்தது

"ஆத்துல போட்டுட்டு குளத்துல தேடுறான்" என்றால் முட்டாள்தனம் என்று அர்த்தம். அந்த ஆறு எது, குளம் எது என்று யோசித்திருக்கிறீர்களா? ஆறு, பீங்கானுக்குப் பேர்போன எங்க விருத்தாசலத்தின் மணிமுத்தாறு. குளம், திருவாரூர்க் கமலாலயம்.

பெரியபுராணத்தில் சுந்தரர் திருமுதுகுன்றத்தில் (விருத்தாசலத்தின் பழைய பெயர்) கிடைத்த 12,000 பொன்னை ஆற்றில் போடுகிறார். திருவாரூர்க் குளத்தில் இறங்கித் தேடுகிறார். பரவையார் கேலி செய்கிறார். ஆனால் பொன் கிடைத்துவிடுகிறது! பழமொழி அந்தக் கேலியை மட்டும் வைத்துக்கொண்டது, முடிவை விட்டுவிட்டது.

சினிமாவிலும் இது நடக்கும். 'இருவர்' (1997) படத்தின் 'நறுமுகையே' பாட்டில் வைரமுத்து புறநானூறு 112-ஐத் தொடுகிறார். மூலத்தில், தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த பாரி மகளிர் நிலவைப் பார்த்துப் புலம்புகிறார்கள். சினிமாவில் அதே நிலவு காதலுக்கு வந்துவிட்டது.

இரண்டும் ஒன்றா? இல்லை என்பேன். ஆற்றில் போடும் முன் சுந்தரர் பொன்னில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். அதற்கு 'மச்சம்' என்று பேர். எடுத்த பொன்னை அதோடு ஒப்பிட்டுத்தான் தரம் பார்த்தார்கள். எங்க தொழிலில் செக்சம் மாதிரி.

'நறுமுகையே'வில் சங்கச் சொல் அப்படியே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு தேடினால் பாரி மகளிரிடம் போய்ச் சேரலாம். அப்புறம் அந்தக் காதல் பாட்டிலேயே ஒரு துக்கம் கேட்க ஆரம்பிக்கும். பழமொழியில் ஊர்ப்பேரும் இல்லை, ஆள்பேரும் இல்லை. அர்த்தம் மாறுவதில் தப்பில்லை. மச்சம் தொலையக் கூடாது.