நிலப்பட்டாவும் தமிழ்ப்பள்ளியும்

தமிழ்ப்பள்ளியைப் பற்றி எழுதுவோருள் பலர் மொழிப்பற்றில் தொடங்கி மொழிப்பற்றிலேயே முடித்துவிடுகின்றனர். பள்ளிக்கூரை ஒழுகுவதும், பிள்ளைகள் பக்கத்துத் தேசியப் பள்ளிக்கோ சீனப்பள்ளிக்கோ மாறிச் செல்வதும் பெற்றோரின் பற்றின்மையால் நேர்ந்தவை என்பது அவர்தம் முடிபு. பணம் எந்த அளவுகோலால் பங்கிடப்படுகிறது என்று அவர்கள் வினவுவதில்லை. என் நோக்கில் அதுவே முதல் வினா.

நம் நாட்டில் உதவி பெறும் பள்ளிகள் முழு உதவி, பகுதி உதவி என இருவகைப்படும். இரண்டிலும் ஆசிரியர்க்கு ஊதியம் தருவது அரசாங்கமே, பாடத்திட்டமும் ஒன்றே. வேறுபாடு நிலத்தில் இருக்கிறது. அரசாங்க நிலத்தில் நிற்கும் பள்ளிக்குக் கட்டடம் எழுப்புவது அரசின் பொறுப்பு. தோட்ட நிறுவனத்துக்கோ தனியார்க்கோ உரிய நிலமாயின் அச்சுமையின் பெரும்பங்கு பள்ளி வாரியத்தின் தலையில் விழும். தமிழ்ப்பள்ளிகளுள் பாதிக்கு மேற்பட்டவை இப்பகுதி உதவிப் பள்ளிகளே.

அந்நிலத்தைத் தேர்ந்தவன் பால்வெட்டுத் தொழிலாளி அல்லன். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என்றது. ஜோகூர் அக்கூட்டில் சேராத மாநிலம். எனினும் தோட்டப்பள்ளி இங்கும் அதே வார்ப்பில்தான் எழுந்தது. தமிழகத்திலிருந்து வந்த குடும்பம் தோட்டத்திலேயே தங்கவேண்டும் என்பதும் துரைமாரின் கணக்கு. ஆகவே பள்ளி இலயத்தின் அருகே, நிறுவனத்தின் மண்ணில் நின்றது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் பட்டணம் பெயர்ந்தன. பட்டா மட்டும் பெயரவில்லை. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530ஐ ஒட்டி நிற்கின்றன. இணைக்கப்பட்டது எனப் பொருள்படும் ‘சந்துமான்’ என்ற மலாய்ச் சொல் எங்கள் சாஆத் தமிழ்ப்பள்ளியின் பெயரிலேயே இடம்பெற்றிருக்கிறது.

ஒன்பதாம் மலேசியத் திட்டத்தில் (2006–2010) தொடக்கப்பள்ளி மேம்பாட்டுக்கென ஒதுக்கிய தொகையில் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கிட்டியது 6 கோடியே 48 இலட்சம் வெள்ளி. நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. மாணாக்கர் தொகையிலோ தமிழ்ப்பள்ளியின் பங்கு நூற்றுக்கு மூன்றை ஒட்டியிருந்தது. பகுதி உதவிப் பள்ளிக்கு அரசாங்கம் கட்டடம் எழுப்பக் கடமைப்படவில்லை என்று இதற்கு விடை கூறலாம். ஆனால் அவ்வகைப்பாடே அல்லவா வழக்குக்குரியது? பின்னாளில் சிறப்பு மானியங்கள் வந்தன. நல்ல கட்டடங்கள் பல எழுந்தன. மறுக்கவில்லை. எனினும் மானியம் கேட்டுப் பெறுவது. அடுத்த ஆண்டு வருமா என்று வாரியத்தார் வாயிலில் காத்திருக்கவேண்டியது.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வட்டாரச் சொத்துவரியே பள்ளிக்குப் பெருவருவாய். ஏழை வட்டாரத்துப் பிள்ளைக்கு இதனால் நேரும் இழப்பு அரசியலமைப்புக்கு முரணன்று என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1973இல் ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அங்கே நிலத்தின் விலை, இங்கே நிலத்தின் உரிமை.

மாற்றுவழி கூறுவோரும் உளர். 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்கு இணங்காத சீன இடைநிலைப்பள்ளிகள் அரசு உதவியை இழந்தும் தனித்து இயங்கினவே, தமிழர்க்கு ஏன் இயலாது என்பர். அவற்றைத் தாங்க வணிகர் இருந்தனர். நாட்கூலியில் வாழ்ந்தவரின் மடியில் என்ன இருந்தது? சிறுபள்ளிகளை மூடி, பிள்ளைகளை அருகிலுள்ள தேசியப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்பது மற்றொரு யோசனை. ஒழுகும் கூரையைக் காரணம் காட்டி வீட்டையே இடிக்கச் சொல்வது போன்றது அது.

பிள்ளைகள் குடியேறிய வீடமைப்புப் பகுதிக்குப் பள்ளியின் உரிமத்தைப் பெயர்த்து, அங்கே அரசாங்க நிலம் ஒதுக்குவதே தக்க வழி. சில இடங்களில் நடந்தும் இருக்கிறது. தோட்டத்திலேயே பிள்ளைகள் எஞ்சியிருந்தால், பள்ளி நிற்கும் சில ஏக்கரை மட்டும் கையகப்படுத்தலாம். இதில் இடர் ஒன்றுண்டு. நம் அரசியலமைப்பில் கல்வி கூட்டரசின் அதிகாரம், நிலம் மாநிலத்தின் அதிகாரம். பள்ளி வாரியத்தின் மனு இவ்விரு வாயில்களுக்கும் இடையே நடக்கும் காலத்தில், முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறிவிடுகிறது.